இங்க மேல எது?

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஏப்ரல் சீசன். நுவரெலியாவில் பூக்களும் மரக்கறிகளும் கண்காட்சிக்கு வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், கயிறு கட்டிப் பிரித்த ஒரு மைதானத்தின் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு வரைபடம். எங்களுக்குக் கொடுத்த எட்டு நிமிடத்தில் ஐந்து போய்விட்டது. அதுவரை, நான் போட்ட திட்டங்களிலேயே மிகச் சிறந்தது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் ஹட்டனில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் படம் வரைகிறேன். வீட்டுப் படம், தாங்குசுவர்ப் படம், வடிகால் படம். எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் பட்டியல் போடுவேன். "இவ தும்மணும்னாகூட லிஸ்ட் போட்டுட்டுத்தான் தும்முவா" என்று அண்ணன் சொல்வார். எங்கள் வீடு நோர்வூட்டைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறது. அண்ணன் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். அண்ணி மலையில் கொழுந்து எடுக்கிறார். இவர்களோடு நான். நான்காவதாக ரொட்டி.

ரொட்டி எங்கள் நாய். வெள்ளை உடம்பில் அங்கங்கே தீய்ந்த ரொட்டி போலப் பழுப்புத் திட்டுகள் இருப்பதால் அந்தப் பெயர். குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் மலையிலிருந்து அண்ணியின் பின்னாலேயே வந்தது. அதிலிருந்து அண்ணி போகிற மலைக்கெல்லாம் அதுவும் போகும். பகலில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ரோட்டோரம் போய்ப் பார்த்தால் தெரியும். அண்ணி நிறைந்த கூடையை முதுகில் போட்டு, தலையில் கயிற்றைத் தாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வருவார். ரொட்டி இரண்டடி முன்னால் ஓடும். அவர் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். யார் காலிலும் இடிக்காமல், அண்ணி எந்தப் பக்கம் போகப்போகிறாரோ அந்தப் பக்கம் அது முதலில் திரும்பும். நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று நினைத்ததோடு சரி.

பிரச்சினை லீக்ஸால் வந்தது. பக்கத்து வீட்டு மாமா தொழிற்சாலை வேலையிலிருந்து நின்றபிறகு லயத்துக்குப் பின்னால், வெங்காயத்தாள் மாதிரி நீண்டு வளரும் லீக்ஸ் போட்டிருந்தார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளால், அதாவது மிலாறுகளால், வேலி கட்டியிருந்தார். ரொட்டிக்கு அந்த வேலியைத் தாண்டுவதில் ஏதோ தீராத சந்தோசம். தாண்டி உள்ளே போய் ஒரு சுற்று ஓடிவிட்டுத் திரும்பத் தாண்டி வரும். தின்னாது, தோண்டாது. ஆனால் ஓடிய இடத்தில் லீக்ஸ் நிற்காது.

மூன்றாவது முறை நடந்தபோது, மாமா முறிந்த லீக்ஸை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு தோட்டத் தலைவரிடம் போய்விட்டார். தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். லயமே எட்டிப் பார்த்தது. அண்ணனுக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவது மட்டும் ஆகாது.

"பூண்டுலோயாவுல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு மரக்கறித் தோட்டத்துக்குக் காவல் நாய் தேடிக்கிட்டு இருக்காரு. அங்க குடுத்துர்றேன். அவரு சங்கிலியில கட்டி வச்சிருவாரு" என்றார் அண்ணன்.

அன்று அண்ணி எங்கள் யாருடனும் பேசவில்லை. ரொட்டியுடன் மட்டும் பேசினார்.

அடுத்த வாரம் என் தொலைபேசியில் ஓர் அறிவித்தல் வந்தது. சீசன் நாட்களில் நாய்களுக்கான தடை தாண்டும் போட்டி, எந்த இன நாயும் வரலாம், தடுப்பூசி அட்டை கட்டாயம். நான் அதை அண்ணனிடம் காட்டினேன்.

"ரொட்டிய இதுல ஓட விடுவோம். தாண்டுறதுதானே அதுக்குப் புடிக்கும்? சொன்னா மட்டும் தாண்டணும்னு பழக்கிட்டா?"

அண்ணன் சிரித்தார். ஆனால் அண்ணி சமையல் அறை வாசலில் வந்து நின்றார். அதைப் பார்த்ததும் அண்ணனின் சிரிப்பு நின்றது.

"சரி. ஒரு தடவ, நாலு பேரு முன்னுக்கு, சொன்ன சொல்லுக்கு அடங்கி ஓடிக் காட்டட்டும். இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழம பூண்டுலோயா. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கப்படாது."

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து மாமாவின் குரல் வந்தது. "நானும் வருவேன் மருமகளே. சாட்சி வேணுமில்ல?"

இப்படித்தான் அது தொடங்கியது. ஆறு வாரம் இருந்தது.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு திடலில் பத்துப் பதினைந்து தடைகளுக்கு எண் போட்டு வைத்திருப்பார்கள். தாண்டும் கம்புகள், புகுந்து போகிற குழாய், கூரை மாதிரி ஏறி இறங்கும் பலகை, வளைந்து வளைந்து போக வேண்டிய கம்பு வரிசை. நாய் எண் வரிசையில் போக வேண்டும். நாய்க்கு எண் தெரியாது. கூட ஓடும் ஆள்தான் வழி சொல்ல வேண்டும், அதுவும் நாயைத் தொடாமல், கையில் தின்பண்டம் இல்லாமல். நாய்க்கு நாலு கால், நமக்கு இரண்டு. அதனால் நாய் பெரிய வட்டம் போகும்போது நாம் உள்ளே சின்ன வட்டம் போக வேண்டும். நாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நாம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதற்கு, நாய் வரும்போதே அதன் முன்னால் குறுக்கே போய்ப் பக்கம் மாறலாம். பிந்திவிட்டால் அதன் பின்னால் மாறலாம். எங்கே நிற்பது, எங்கே மாறுவது, எங்கே குரல் கொடுப்பது, எல்லாவற்றையும் ஓடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தடைகளின் படம் போட்டி நாள் காலையில்தான் கையில் கிடைக்கும். அதன்பிறகு நாய் இல்லாமல் திடலில் நடந்து பார்க்க எட்டு நிமிடம்.

வேறு யாருக்கு எப்படியோ, எனக்கு இதைப் படித்ததும் பசியே போய்விட்டது. இது என்னைப் போன்ற ஆட்களுக்காகவே உண்டாக்கிய விளையாட்டு என்று தோன்றியது.

ரொட்டியோடு ஓடுவது அண்ணிதான் என்பதில் சந்தேகமே இல்லை. நான் கூப்பிட்டால் அது வாலை ஆட்டும், அவ்வளவுதான். ஆகவே அண்ணி ஓட வேண்டும், நான் திட்டம் போட வேண்டும். லயத்துக்குக் கீழே, தேயிலை இல்லாத சரிவான ஒரு துண்டு நிலம் இருந்தது. முதலாளியைக் கேட்டு வேலைத்தளத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டுவந்து கம்பு வரிசை நட்டேன். உரச் சாக்குகளை வளையங்களில் தைத்து அண்ணி ஒரு குழாய் செய்தார். பழைய கதவு இரண்டாகி ஏறு பலகையானது. தாண்டுவதற்கு மிலாறு. நிலத்தின் கீழ் ஓரத்தில் ஆழமான கான், அதாவது மழைநீர் வடிகால், ஓடியது. ரொட்டி வேகத்தில் அதில் விழுந்துவிடக் கூடாது என்று முழங்கால் உயரத்தில் ஒரு நீல நைலான் கயிறு கட்டினோம். கயிற்றைக் கண்டால் நிற்க வேண்டும். அண்ணி கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான். இரண்டே நாளில் படித்துவிட்டது. தடை எதற்கும் நிற்காத நாய் அந்தக் கயிற்றுக்கு மட்டும் பிரேக் போட்டது மாதிரி நின்றது.

சரிவில் அண்ணியால் நாய்க்கு ஈடாகக் குறுக்கே ஓட முடியவில்லை. வழுக்கியது. அதனால் நடுவில் நின்று குரலில் திருப்புவது என்று முடிவு செய்தேன். வலது, இடது என்று இரண்டு சொல். மூன்று நாள் முயன்றோம்.

"ஏ புள்ள, வலம் இடம்னா நான் கையப் பாத்து யோசிக்க வேண்டி இருக்கு" என்றார் அண்ணி. "அதுக்குள்ள அது பாதி மல போயிருது. மலையில நாங்க மேல் நெர, கீழ் நெரன்னுதானே சொல்லுவோம்? மேல, கீழன்னு சொன்னா எனக்கும் வருது, அதுக்கும் வருது."

நெரை என்றால் கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் வரிசை. சொல்லிப் பார்த்தோம். "மேல!" என்றதும் ரொட்டி சரிவின் மேல் பக்கம் திரும்பியது. "கீழ!" என்றதும் கீழ்ப் பக்கம். ஒரு தடவையும் தவறவில்லை. அன்றே என் பட்டியல் முழுவதையும் மாற்றி எழுதினேன். ஒவ்வொரு தடைக்கும் நேரே 'மே' அல்லது 'கீ'. இணையத்தில் கிடைத்த ஐந்து மாதிரிப் படங்களுக்கு இப்படித் திட்டம் போட்டு, கோப்பில் வைத்து, ஐந்தையும் ஓடிப் பார்த்தோம். ஆறாவது வாரத்தில் இரண்டு பேரும் பிழையே இல்லாமல் ஓடினார்கள்.

அதேநேரம் ரொட்டியின் தாண்டும் திறமையும் வளர்ந்துகொண்டே போனது. மாமா வேலிக்கு மேலே இன்னொரு வரிசை மிலாறு வைத்துக் கட்டினார். ரொட்டி அதையும் தாண்டியது.

"நீங்க படிச்சுக் குடுக்கக் குடுக்க என் வேலி குட்டையாகிக்கிட்டே போகுதே" என்றார் மாமா. "அடுத்த வருசம் இது என் கூரைக்கு மேல போகும்."

போட்டி நாள் காலையில் ஓட்டோவில் அண்ணன் முன்னால், பின்னால் அண்ணி, நான், மாமா. மூன்று பேரின் மடியிலும் படுத்தபடி ரொட்டி. தலை மாமாவின் மடியில். டிக்கோயா தாண்டுவதற்குள் அது தூங்கிவிட்டது.

"இத எந்திரிக்கச் சொல்லுங்க. கால் மரத்துப் போச்சு."

"நீங்களே சொல்லுங்க மாமா. சொன்ன சொல்லுக்கு அடங்குதான்னு பாக்கத்தானே வந்தீங்க?" என்றார் அண்ணி.

மாமா அதை எழுப்பவில்லை. தலவாக்கலை வரை அதன் காதைத் தடவிக்கொண்டு வந்தார் என்பதை நான் பார்த்தேன். அவர் கவனிக்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டேன்.

மைதானத்தில் பதினொரு நாய்கள். கொழும்பிலிருந்து காரில் வந்த நாய்களுக்குச் சொந்தமாகக் கூடாரமும் தண்ணீர்க் கிண்ணமும் இருந்தன. பெயரைப் பதிந்தவர் சிங்களத்தில் நாயின் பெயரைக் கேட்டார். நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தடவை கேட்டு, சிரித்துக்கொண்டே எழுதினார். எங்களுக்கு ஒன்பதாவது முறை. தடைகளின் படம் கையில் வந்தது. பதினான்கு தடைகள். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முழுவதையும் நிரப்பினேன். மே, மே, கீ, மே. சுத்தமான வேலை. அம்புக்குறிகள்கூட ஒரே அளவு.

விசில் அடித்தார்கள். நாயை அண்ணனிடம் விட்டுவிட்டு நானும் அண்ணியும் திடலுக்குள் நடந்தோம். நான் படித்துக்கொண்டே போனேன். "மூணு தாண்டுனதும் மேல. ஆறு தாண்டி கீழ, அங்க குழாயும் ஏறு பலகையும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, கவனம். பத்து அந்தக் கோடியில, கயித்துக்குப் பக்கத்துல. அங்கருந்து மேல..."

அண்ணி பத்தாவது தடையில் நின்றுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏ புள்ள. இங்க மேல எது?"

நான் படத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். "இதோ, இந்தப் பக்கம்."

அண்ணி காகிதத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "காயிதத்துல மேல இருக்கு. தரையில எங்க இருக்கு?"

அப்போதுதான் நான் தலையைத் தூக்கி மைதானத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, மேசை மாதிரி, ஒரே மட்டம்.

ஒவ்வொரு படத்திலும் தரைமட்டத்தைக் குறித்துவிட்டுத்தான் நான் அடுத்த கோட்டை வரைவேன். சரிவைக் கவனிக்காமல் வரைந்த ஒரு பையனை அலுவலகத்தில் நானே கண்டித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், சரிவிலேயே பிறந்து சரிவிலேயே வளர்ந்ததால், உலகத்தில் எல்லா நிலத்துக்கும் ஒரு மேல் பக்கம் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். ஆறு வாரமாக என் கோப்பில் இருந்த எந்தப் பட்டியலிலும் 'தரை எப்படி?' என்ற கேள்வி இல்லை.

மிச்ச நிமிடங்களில் நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. விசில் அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

திடலுக்கு வெளியே வந்து, ஒரு நப்பாசையில், ரொட்டியை விட்டு "மேல!" என்று சொல்லச் சொன்னேன். அண்ணி சொன்னார். ரொட்டி ஒரு வட்டம் சுற்றியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு நேராக ஓடி, ரோட்டோரமாக இருந்த ஒரு மண்மேட்டில் ஏறி நின்று, வாலை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. அந்த இடத்தில் இருந்த ஒரே மேல் பக்கம் அதுதான்.

மாமா கைதட்டிச் சிரித்தார். "நாயி சரியாத்தான் செய்யுது மருமகளே. படம் போட்ட புள்ளதான் பெயில்!"

எனக்கு அழுகை வந்தது. அண்ணியைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்த தொலைபேசியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகப் பூண்டுலோயாக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

திடலில் முதல் நாய் ஓடியது. இரண்டாவது நாய் குழாய்க்குள் போய் வெளியே வர மறுத்துப் படுத்துக்கொண்டது. கூட்டம் சிரித்தது. நான் என்னிடம் எப்போதும் கேட்டுக்கொள்ளும் கேள்வியைக் கேட்டேன். கையில் என்ன இருக்கிறது? சமதரையில் ரொட்டிக்கு என்ன தெரியும்? எங்கள் தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது?

ரோட்டில். கொழுந்து நிறுக்கும் இடத்தில்.

"அண்ணி, நிறுக்கிற எடத்துல நீங்க இதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்றதில்லையே. தலையில கயிறு மாட்டியிருக்கேன், வாயத் தொறக்கவா முடியும்?"

"அப்ப அதுக்கு எப்படித் தெரியுது நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு?"

அண்ணி யோசித்தார். யோசிக்கும்போதே அவர் உடம்பு அதைச் செய்தது. கூடை முதுகில் இருந்தால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். அவர் அப்படி வலப் பக்கம் திரும்பினார். மண்மேட்டில் நின்ற ரொட்டி உடனே இறங்கி வந்து அவருக்கு வலப் பக்கம் போய் நின்றது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"முதுகுல கூட இருக்கிற மாதிரியே நெனச்சுக்கங்க அண்ணி. முப்பது கிலோக் கூட. கழுத்தத் திருப்பாதீங்க. கத்தாதீங்க. ஒடம்போட திரும்புங்க."

"கூடையோட ஓடவா சொல்ற?"

"நிறுக்கப் போற நேரம் மழ வந்தா கூடையோட ஓட மாட்டீங்களா?"

"அதுவும் சரிதான்" என்றார். காலை உதறிக்கொண்டார்.

எனக்கு ஆறு நாய் ஓடும் நேரம் இருந்தது. படத்தின் பின்பக்கத்தில் புதிதாக எழுதினேன். பதினான்கு வரிகள் இல்லை, நான்கு மட்டும். மூன்றில் முன்னால் குறுக்கே போ. ஆறில் குழாய்க்கு முதுகைக் காட்டு. பத்தில் நாய்க்கு முன்னால் திரும்பிவிடு. பன்னிரண்டில் பின்னால் மாறு. மற்ற இடங்களில் சும்மா ஓடு. அண்ணி அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் 'ரொட்டி' என்று கூப்பிட்டார்கள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அண்ணி சுடிதார் சால்வையை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு தொடக்கக் கோட்டில் நின்றார். ரொட்டியை உட்கார வைத்துவிட்டு இரண்டு தடை தள்ளிப் போய் நின்றார். தோளை லேசாகத் திருப்பினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. ரொட்டி பறந்தது. அண்ணி அதன் முன்னால் குறுக்கே வெட்டினார், மொத்த உடம்போடு. ரொட்டி வளைந்து நாலுக்கு வந்தது. ஐந்து, ஆறு. குழாயும் பலகையும் பக்கத்தில் பக்கத்தில். முந்தைய நாய்களில் நாலு அங்கேதான் தவறின. அண்ணி குழாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ரொட்டி குழாயைப் பார்க்கவே இல்லை, பலகையில் ஏறி இறங்கியது. கூட்டம் சத்தம் போட்டது. கம்பு வரிசையில் அது மீன் மாதிரி வளைந்தது. எனக்குப் பக்கத்தில் யாரோ "அப்புடித்தான்! அப்புடித்தான்!" என்று கத்தினார்கள். திரும்பினால் மாமா.

பத்தாவது தடையில்தான் தடுமாறியது. அண்ணி இரண்டு எட்டுப் பிந்திவிட்டார். ரொட்டி தாண்டி, திரும்ப ஆள் இல்லாததால், நேராகப் போய்விட்டது. அந்தக் கோடியில் எல்லைக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு முழம் தள்ளி, மரக்கறிக் கண்காட்சி மேசை. கரட், முட்டைக்கோவா. நடுவில் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்த லீக்ஸ்.

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "போச்சு."

ரொட்டி கயிற்றுக்கு முன்னால் வந்து, புழுதி பறக்க, நின்றது.

கயிறு அதன் நெஞ்சளவுகூட இல்லை. தூங்கிக்கொண்டே தாண்டும். ஆனால் நின்றது. லீக்ஸைப் பார்த்தது. மூக்கை நீட்டி மோந்தது. எனக்கு அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது, என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அண்ணி கத்தவில்லை. 'மேல' என்றோ 'கீழ' என்றோ சொல்லவில்லை. அவர் ரொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். நிறுத்து முடித்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி, பதினோராவது தடையைப் பார்த்து நடந்தார்.

ஒரு நொடி. ரொட்டி இன்னொரு தடவை லீக்ஸைப் பார்த்துவிட்டு, அண்ணியின் முதுகைப் பார்த்தது. பிறகு புறப்பட்டது பாருங்கள்! அண்ணியை முந்திக்கொண்டு பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டில் அண்ணி பின்னால் மாறினார். பதின்மூன்று, பதினான்கு. முடிவுக் கோட்டைத் தாண்டி ரொட்டி அண்ணியின் மேல் பாய, இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். கூட்டம் முழுவதும் "ரொட்டி! ரொட்டி!" என்று கத்தியது. நான் என் கோப்பு எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினேன். நடுவர் என்னைப் பார்த்து விரலை ஆட்டி வெளியே போகச் சொன்னார். எங்கள் வீட்டில் கயிற்றைத் தாண்டியது நான் மட்டும்தான்.

பத்தாவது தடைக்குப் பிறகு திசை மாறிப் போனதற்குப் புள்ளி குறைந்தது, நேரமும் கூடிவிட்டது. பதினொன்றில் ஏழாவது இடம். ஏழாவது இடத்துக்குப் பரிசு கிடையாது. அண்ணியிடம் நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது, "நமக்குக் கீழ நாலு பேரு இருக்காங்களா!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

மாமா மெதுவாக வந்து சேர்ந்தார். ரொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"ஊரான் லீக்ஸுன்னா மரியாத. என் லீக்ஸுன்னா மட்டும் மெதிச்சிட்டுப் போற. அப்படித்தானே?"

"அது கயித்துக்கு நின்னுச்சு மாமா" என்றார் அண்ணி. "கயித்தத் தாண்டப்படாதுன்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட பாவிகளா. அந்தக் கயித்த ஆறு வாரமாக் கட்டி வச்சிருக்கீங்க. அதுல ஒரு துண்டு என் லீக்ஸச் சுத்திக் கட்ட ஒருத்தருக்கும் தோணலையா?"

எனக்குத் தோன்றவில்லை. வேலியை உயர்த்துவதைப் பற்றி என் பட்டியலில் மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ரொட்டிக்கு இன்னொரு நல்ல தடை. முழங்கால் உயரக் கயிறு ஒன்று தினமும் என் கண் முன்னால் இருந்தது.

அண்ணன் கொஞ்சம் தள்ளிப் போய்த் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் எங்களுக்குக் கேட்டது. "ஞாயித்துக்கிழம வராதீங்கண்ணே. இல்ல இல்ல, நோயெல்லாம் ஒண்ணுமில்ல. நாயி வேலைக்குப் போகுது. ஆமா, எங்க வீட்டு ஆளோட."

திரும்பி வரும்போது ரொட்டியை மாமா தானாகவே மடியில் ஏற்றிக்கொண்டார். கால் மரத்துப்போனதாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நீல நைலான் கயிறு லீக்ஸ் பாத்தியைச் சுற்றி ஏறியது. அதிலிருந்து இன்றுவரை ரொட்டி அதைத் தாண்டவில்லை. கயிற்றுக்கு வெளியே படுத்துக்கொண்டு, மாமா களை பிடுங்குவதை மேற்பார்வை பார்க்கிறது. முறியாத லீக்ஸில் ஒரு கட்டு இப்போது வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருகிறது.

நான் இன்னும் பட்டியல் போடுகிறேன், அதை விடவில்லை. ஆனால் அலுவலகத்தில் புதிய படம் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம், முதல் கோடு போடுவதற்கு முன் தாளின் ஓரத்தில் பென்சிலால் 'இங்க மேல எது?' என்று சின்னதாக எழுதிக்கொள்கிறேன். அதை எழுதியதும் கையில் காகிதத்தோடு தரையைப் பார்த்த அண்ணியின் முகம் கண் முன்னால் வருகிறது, நானும் எழுந்து போய் முதலில் தரையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.